ஒன்பதாம் அறை அறிக்கை

மார்ச் 3

தேர்வு மையத் தலைமைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், கை வரவில்லை. அதனால் பதவியைப் போட்டிருக்கிறேன். உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், போன் போட்டுப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதே. போனில் என்றால் நடுவில் "சாப்பிட்டியாடி" என்று கேட்டு என் கோபத்தைக் கெடுத்துவிடுவாய். திட்டுவதற்குக் காகிதம்தான் வசதி.

நேற்று வக்கீல் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஆய்வக நுட்பனர் தேர்வை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது செல்லாது என்று அறுபத்து நான்கு பேர் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம், அது உனக்குத் தெரியும். தேர்வு வாரியம் தன் பதிலோடு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறது. எதனால் ரத்து என்பதற்கு ஆதாரமாம். முதல் தாளைத் திருப்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது உன் கையெழுத்து. சின்ன வயதில் என் லீவு லெட்டரை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் நீ. காய்ச்சல் என்று எழுதச் சொன்னால், "என் தங்கைக்கு இன்று பள்ளிக்கு வர மனமில்லை" என்று எழுதி என்னை அடி வாங்க வைத்தவளும் நீதான். அந்த எழுத்தை மறப்பேனா?

நவம்பரில் தேர்வு நடந்த அன்றே அந்த அறிக்கையை எழுதியிருக்கிறாய். ஜனவரியில் தேர்ச்சிப் பட்டியல் வந்தபோது நீ இங்கே வீட்டில் இருந்தாய். நாற்பத்தொன்றாவது இடத்தில் என் எண். அம்மா உனக்கும் எனக்கும் மாறி மாறி இனிப்பை ஊட்டினாள். நீயும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாய். உன் அறிக்கை வாரியத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுந்தால் என் தலையில்தான் விழும் என்று தெரிந்துகொண்டே மென்று விழுங்கினாய். அறிக்கை எழுதியதை விட அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் உன் மையத்தில் எழுதவில்லை. நான் எழுதிய ஊருக்கும் உன் பள்ளிக்கும் ஏழு மணி நேரப் பயணம். உன் மையத்தில் எவனோ செய்ததற்கு என் பதினோரு வருடம் போயிற்று.

உன் தங்கை

—

மார்ச் 9

குட்டி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இனிப்பு பற்றி நீ எழுதியது சரிதான். சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அம்மா சிரித்து நாளாகியிருந்தது, விட்டுவிட்டேன். வாரியம் என் மையத்தில் பிடிபட்ட பதினோரு பேரை மட்டும் நீக்கிவிட்டு மற்றவர்களை விட்டுவிடும் என்று முட்டாள்தனமாக நம்பினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலை ஒன்பதாம் அறையின் கூரை ஒழுகி மேசைகளெல்லாம் நனைந்துவிட்டன. அறையைப் பூட்டிவிட்டு, அங்கே எழுத வேண்டிய முப்பது பேரையும் நூலகத்தில் உட்கார வைத்தேன். அதனால் நான் நூலகத்துக்கும் மற்ற அறைகளுக்குமாக ஓடிக்கொண்டே இருந்தேன். வழியில் கழிப்பறைக் குழாய் மேல் உள்ளங்கை அளவு ஒரு தாள். நூறு கேள்விக்கும் விடை, வரிசையாக, அச்சில். வினாத்தாள் உறையைப் பிரித்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நான்காம் அறையைச் சோதித்தேன். பதினோரு பேரிடம் அதே தாள். அதைத்தான் எழுதினேன், ஒரே பக்கம்.

அதை எழுதாமல் விட்டிருந்தால் நான் இத்தனை வருடம் வகுப்பில் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு அர்த்தமில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது உன் நினைவு வந்தது. நீ பாடப் புத்தகத்தைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துப் படித்த பெண். அவர்களுக்கு அது காகிதத் துண்டாகக் கிடைத்திருக்கிறது. உனக்காகவும்தான் எழுதினேன் என்றால் நம்ப மாட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் கெட்டாலும் பரவாயில்லை.

அக்கா

—

மார்ச் 21

அக்கா,

எனக்காக எழுதினாயாம். அடுத்த முறை எனக்காக ஏதாவது செய்யத் தோன்றினால் தயவுசெய்து சும்மா இரு.

உனக்கு என் நிலைமை சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். நீ நிரந்தர வேலையில் இருப்பவள், தேர்வு என்றால் உனக்கு ஒரு நாள் கூத்து. இந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பதினோரு வருடமாக நான் தற்காலிகம். சளி, ரத்தம், சிறுநீர் என்று எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகிறது. ஒரு ஸ்லைடில் ஒரே ஒரு கிருமி ஒளிந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று டாக்டரே சொல்வார். ஆனாலும் வருகைப் பதிவேட்டில் என் பெயர் கடைசிப் பக்கத்தில், பென்சிலில். நிரந்தர ஆட்கள் வந்தால் அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று.

ஆகஸ்டில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. வயது வரம்பும் அதுதான். மறுதேர்வு செப்டம்பரில் என்று அறிவித்திருக்கிறார்கள். வயதைத் தளர்த்தச் சொல்லி மனுக் கொடுத்தோம், முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆக, இந்த வழக்கு ஜெயித்தால் எனக்கு வேலை. தோற்றால் நான் வெளியே. நடுவில் ஒன்றுமில்லை.

ஆனால் ஜெயிப்போம் என்கிறார் வக்கீல். அவர் பிடித்திருக்கும் பிடி நல்ல பிடி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மையம். உன் மையத்தை வேண்டுமானால் தள்ளிவிடுங்கள் என்று நாங்களே ஒத்துக்கொண்டாயிற்று. மிச்சம் இருநூற்றுப் பதினொன்றிலும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு அறை அறிக்கை இருக்கிறதாமே, "தேர்வு அமைதியாக நடைபெற்றது, ஒழுங்கீனம் எதுவும் இல்லை" என்று, மணி போட்டு, கையெழுத்தோடு. தேர்வு முடிந்ததும் தலைமைக் கண்காணிப்பாளரே சரிபார்த்துப் போட்ட கையெழுத்து அது, கெட்டதையும் நல்லதையும் பிரிக்க அதைவிட என்ன வேண்டும் என்று கேட்கப்போகிறார். நீதிபதியும் போன வாரம் அந்த அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் எனக்குப் பசித்தது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு மரியாதையாக இருக்கிறது.

குட்டி

—

ஏப்ரல் 2

குட்டி,

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். கடைசியில் நீ ஏமாந்து நிற்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்த அறை அறிக்கைகளை நம்பி வழக்கை நிறுத்தாதீர்கள். அவை தேர்வு முடிந்த பின் போட்ட கையெழுத்துகள் அல்ல.

மணி ஒன்றுக்குத் தேர்வு முடியும். ஒன்று இருபதுக்கு விடைத்தாள் கட்டை எடுக்க வேன் வந்து நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் பன்னிரண்டு அறைத் தாள்களையும் எண்ணி, அடுக்கி, துணியில் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். அறை அறிக்கைகளில் கையெழுத்துப் போட நேரமே இருக்காது. அதனால் காலையிலேயே, வாயில் திறக்கும் முன்பே, எல்லா அறைக்கும் கையெழுத்துப் போட்டு, நேரம் "1.05" என்று எழுதி உறையில் வைத்துவிடுவோம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். நான் அறிந்த எந்த மையத்திலும் வேறு மாதிரி நடந்ததில்லை. அன்று நான்காம் அறையில் பிடிபட்டதும், அந்த அறைக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருந்ததை மட்டும் எடுத்துக் கிழித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நீதிமன்றம் ஐந்து மையத் தலைமைக் கண்காணிப்பாளர்களிடம் பிரமாணப் பத்திரம் கேட்டிருக்கிறது. அறிக்கைகள் எப்போது, எப்படிக் கையெழுத்தாயின என்று சொல்ல வேண்டும். அந்த ஐவரில் நானும் ஒருத்தி. புகார் எழுதியவள் என்பதால் என் வார்த்தைக்கு எடை அதிகம் இருக்கும் என்று வாரியத்து அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

உண்மையைச் சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். போன முறை செய்த தவறை இந்த முறை செய்யவில்லை.

அக்கா

—

ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதத்தை நான் வக்கீலிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் அந்த வாதத்தையே விட்டுவிடுவார். மடித்து, ஆய்வகத்து ஸ்லைடு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

மற்ற நான்கு பேரும் என்ன எழுதப்போகிறார்கள் என்று உனக்கே தெரியும். "முடிந்த பிறகுதான் போட்டோம்" என்று எழுதுவார்கள். எவனாவது தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்வானா? நீ ஒருத்திதான் மனசாட்சியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாய். அறுபத்து நான்கு பேரும் உன் ஒரு வரியில் போவோம்.

நான் தேர்வு எழுதிய அறையில் ஒருவரும் காப்பி அடிக்கவில்லை. அது உண்மை. என் அறை அறிக்கையில் இருப்பதும் அதுதான். காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் அதில் எழுதியிருப்பது நடந்தது. நேரம் ஒன்றுதான் பொய். நேரத்தை மட்டும் மாற்றிச் சொல் என்கிறேன். ஒரே வரி.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. நீ கல்யாணமாகிப் போனபோது அம்மாவை நீ பார்த்துக்கொள் என்றாய், பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன், எனக்கு வெட்கமில்லை. அம்மாவுக்கு நான் வேலை இல்லாமல் நிற்கப்போவது தெரியாது. தினமும் காலையில், "நிரந்தரம் ஆகிட்டா உனக்குப் பென்ஷன் கூட உண்டாமே, நெசமா?" என்று கேட்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.

காய்ச்சல் என்று ஒரு தடவை எழுதிக் கொடு, அக்கா. ஒரே ஒரு தடவை.

குட்டி

—

மே 6

குட்டி,

காய்ச்சல் என்று எழுதிவிட்டேன்.

"அறை அறிக்கைகள் அனைத்தும் தேர்வு முடிந்த பின்னரே, ஒவ்வொரு அறையையும் நேரில் பார்வையிட்டு என்னால் கையொப்பமிடப்பட்டன." இந்த வரிதான். நோட்டரி வக்கீல் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "எல்லாம் நெசந்தானே டீச்சர்?" என்றார். என்னைத் தெரிந்தவர், அவர் மகள் என்னிடம் படித்தவள். "நெசந்தான்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று முத்திரை குத்திவிட்டார்.

உன் அத்தானுக்கு இது தெரியாது. இரண்டு நாளாகப் பள்ளியில் யாரையும் அதட்ட முடியவில்லை. வாய் வரை வந்து நின்றுவிடுகிறது.

உனக்கு வேலை கிடைத்தால் போதும். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அக்கா

—

ஜூலை 19

அக்கா,

செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும். மனு தள்ளுபடி. ஆனால் எப்படி என்று நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். நீ அங்கே இல்லாதது ஒன்றுதான் நேற்று நடந்த நல்ல காரியம்.

காலையில் எங்கள் வக்கீல் அருமையாகப் பேசினார். உன் பத்திரத்தைத்தான் தூக்கிப் பிடித்தார். முறைகேட்டை வெளியே கொண்டுவந்த நேர்மையான ஆசிரியையே சொல்கிறார், முடிந்த பிறகு நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாராம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அரசு வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. உன் மையத்து உறையைப் பிரித்து அறை அறிக்கைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பிறகு ஒன்றை மட்டும் எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். ஒன்பதாம் அறை. தேர்வு அமைதியாக நடைபெற்றது, ஒழுங்கீனம் எதுவும் இல்லை, மணி 1.05, உன் கையெழுத்து. வருகை எண்ணிக்கைக் கட்டம் மட்டும் காலி.

"இந்த ரூம்ல எத்தனை பேர் எழுதினாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"யாரும் எழுதலீங்க. அன்னைக்கு அந்த ரூம் பூட்டிக் கிடந்தது. இவங்க புகார்லயே எழுதியிருக்காங்க, கூரை ஒழுகுச்சுன்னு."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பூட்டிய அறையை நேரில் பார்வையிட்டு அமைதி என்று எழுதியவர், மனுதாரர் பதினேழாம் எண்ணின் கூடப்பிறந்த அக்கா என்பதையும் சொன்னார். எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் கையை விட்டுவிட்டாள்.

ஒரு மையத்தின் அறிக்கை இப்படி என்றால் மற்ற இருநூற்றுப் பதினொன்றை எப்படி நம்புவது, கெட்டதிலிருந்து நல்லதைப் பிரிக்க வழியே இல்லை, எனவே முழு ரத்தும் செல்லும் என்று தீர்ப்பு.

வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "காலையிலேயே கையெழுத்துப் போடுறதுதான் வழக்கம்னு எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேற வழியில போயிருப்பேனேம்மா. வயசு வரம்பைப் பிடிச்சிருப்பேன். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியாது என்றேன்.

வழியில் ஆய்வகத்தில் ஸ்லைடு பெட்டிக்குள் இருந்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்தேன். மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய், அறையைப் பூட்டிவிட்டேன் என்று. ஏப்ரல் கடிதத்தில், எல்லா அறைக்கும் காலையிலேயே போட்டுவிட்டேன், ஒன்றை மட்டும் கிழித்தேன் என்று. இரண்டும் என் கையில்தான் இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு கிருமியைக்கூட விடாத கண் என்று பெயர் எனக்கு.

கேட்டது நான். இதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

குட்டி

—

செப்டம்பர் 16

குட்டி,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுத முடியவில்லை. கேட்டது நீ என்று எழுதியிருந்தாய். எழுதிய கை என்னுடையது. அதில் பங்கு போட ஒன்றுமில்லை.

என்னைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். பொய்ப் பத்திரம் கொடுத்ததற்கு விசாரணை நடக்கிறது. விசாரணை அதிகாரி முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், காலைக் கையெழுத்து வழக்கம் உட்பட. மற்ற நான்கு பேரைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். பார், இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

எனக்கு நேர்ந்ததைப் பற்றி நான் புலம்பவில்லை. சொல்ல வந்தது வேறு. அந்தப் பதினோரு பேர் மேல் இருந்த வழக்கு போய்விட்டது. ஒரே சாட்சி நான், அந்தச் சாட்சியின் வார்த்தை நம்பத்தக்கதல்ல என்று உயர் நீதிமன்றமே சொல்லியாயிற்று. நான் பிடித்து வைத்த தாள்களை நானே அச்சடித்துக்கூட வைத்திருக்கலாம் என்று அவர்களுடைய வக்கீல் சொன்னாராம். அவர்களை விட்டுவிட்டார்கள்.

நேற்று மறுதேர்வு. என் பள்ளியும் ஒரு மையம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்பதாம் அறைக் கூரையைச் சரிசெய்துவிட்டார்கள், ஜன்னல் திறந்திருந்தது. நான்காம் அறையில் பிடிபட்டவர்களில் ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். இருபத்து நான்கு வயது இருக்கும், இன்னும் பத்துப் பதினோரு வருடம் அவன் எழுதலாம். என்னைப் பார்த்தும் ஒதுங்கவில்லை. நேராக வந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று உனக்குத் தேர்வு முடிந்த அதே நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்று இருபதுக்கு வேன் வந்தது.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தால், போனில் அவள் கேட்கும்போது அதையே நானும் சொல்லிவிடுவேன்.

அக்கா

—

அக்டோபர் 31

அக்கா,

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்தா செஞ்சீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு பென்ஷன் பற்றிக் கேட்பதில்லை. எதையும் கேட்பதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள்.

இன்று எனக்கு ஆய்வகத்தில் கடைசி நாள். நிரந்தர ஆட்கள் நாளை வருகிறார்கள். பக்கத்து மேசைப் பெண் மறுதேர்வில் தேறிவிட்டாள், ஸ்லைடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். என்னைப் பார்த்தால் அழுகிறாள் என்று டாக்டர் அவளுக்கு இன்று லீவு கொடுத்துவிட்டார். எனக்கு யாரும் லீவு கொடுக்கவில்லை.

காலையில் வந்ததும் அலுவலக கிளார்க் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தைக் கொண்டுவந்தார். மைக்ராஸ்கோப் இரண்டு, ஸ்லைடு பெட்டி இத்தனை, சாவி இத்தனை, எல்லாம் மாலை ஐந்து மணிக்குச் சரிபார்த்து ஒப்படைக்கப்பட்டது என்று அச்சடித்திருந்தது. "இப்பவே போட்டுக் குடுத்துடும்மா. சாயங்காலம் நான் சீக்கிரம் கிளம்பிடுவேன். எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க" என்றார். நல்ல மனிதர், எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். பேனாவையும் மூடி திறந்து நீட்டினார்.

சாயங்காலம் போடுகிறேன் என்றேன். அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. உன் இஷ்டம் என்று படிவத்தை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.

நாள் முழுக்க வேலை செய்தேன். கடைசி மாதிரியில் கிருமி இருந்தது, குறித்து அனுப்பினேன். நாலரைக்கு எண்ண ஆரம்பித்தேன். மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மூடினேன். ஸ்லைடு பெட்டியில் உன் கடிதம் வைத்திருந்த இடத்தில் பன்னிரண்டு ஸ்லைடு குறைவாக இருந்தது, அப்போது எடுத்து வெளியே வைத்தவை. அவற்றைத் தேடிப் பழைய இடத்தில் சேர்த்தேன். சாவிகளை மாட்டினேன். பதிவேட்டில் என் பெயரை அழித்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் பென்சில் தடம் தெரிகிறது.

உன்னை மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, நீ என்னை மன்னிக்கத்தான் இருக்கிறது. ஆனால் உன் நம்பருக்குப் போட்ட தடையை இன்னும் எடுத்துவிடவில்லை. உன் குரலைக் கேட்டால் நான் கேட்டு வாங்கிய அந்த வரிதான் காதில் விழும். எப்போது எடுப்பேன் என்று தெரியவில்லை, எடுப்பேன் என்றும் சொல்ல முடியவில்லை.

எல்லாம் முடிந்தபோது மணி ஐந்து பத்து. அச்சில் இருந்த ஐந்து மணியை அடித்துவிட்டு 5.10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

குட்டி